தப்பு நடந்த மறுநாள்

திங்கக்கிழமை காலைல திருநெல்வேலி கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸ் பக்கம் போனவங்களுக்குத் தெரியும், மனு குடுக்க வர்ற சனங்கள கேட்லயே நிப்பாட்டி பையத் தொறந்து பாப்பாங்க, பாட்டில் எதுவும் இருந்தா அத தனியா எடுத்துப் பாப்பாங்க. மண்ணெண்ண கொண்டு வந்திருக்காங்களான்னு பாக்குறதுக்காக. 2017 அக்டோபர் 23-க்கு அப்புறம் ரொம்ப இறுக்கிப் பிடிச்ச பழக்கம் இது. அன்னைக்கும் திங்கக்கிழமைதான். கந்துவட்டிக் கொடும தாங்க முடியாம ஒரு கூலித் தொழிலாளி குடும்பம், புருசன் பொண்டாட்டி ரெண்டு சின்னப் பொம்பளப் பிள்ளைங்க, அந்த வளாகத்துக்குள்ளயே தீயில எரிஞ்சுபோனாங்க. அதுக்கு முன்னாடி அவங்க சும்மா இருக்கல, திரும்பத் திரும்ப மனு குடுத்திருந்தாங்க. கந்துவட்டிக்கு எதிரா தமிழ்நாட்டுல 2003-லயே தனிச் சட்டம் வந்தாச்சு. அந்தச் சட்டம் அந்தக் குடும்பத்துக்காக ஒரே ஒரு தடவ ஒழுங்கா வேல செஞ்சிருந்தா அந்தப் பிள்ளைங்க இப்ப பள்ளிக்கூடம் போயிட்டு இருக்கும். அந்தச் சாவப் பத்தி கார்ட்டூன் போட்டவர சென்னைக்குப் போயி கைது பண்ணிக் கூட்டிட்டு வர்றதுக்கு ரெண்டு வாரம்கூட ஆகல.

நான் பாளையங்கோட்டைல கோர்ட்டுக்குப் பக்கத்துல டைப்பிங், ஜெராக்ஸ் கடை வெச்சிருக்கேன். பிராது, வக்காலத்து, ஜாமீன் மனு, நகல் மனு, பச்சப் பேப்பர், கோர்ட் ஃபீ ஸ்டாம்ப்னு பகல் பூரா இதுலதான் போவும். காலேஜ்ல ஹிஸ்டரி எடுத்துப் படிச்சவன்கிறதால ராத்திரி கடைய அடைச்சிட்டு வந்தா படிக்கிறதெல்லாம் பழைய ரோம், ஜெர்மனி, நம்ம எமர்ஜென்சின்னு இதே மாதிரி சமாச்சாரம்தான். பகல்ல நான் டைப் அடிக்கிறதும் ராத்திரி படிக்கிறதும் ஒரே கததான்னு எனக்கு ரொம்ப நாளா ஒரு எண்ணம் உண்டு. அத எழுதி வெச்சிரணும்னுதான் இந்தப் பதிவு, கொஞ்சம் நீளமாத்தான் போவும்.

சட்டத்த மீறுறவன் இல்லாத நாடு எங்கயும் கிடையாது. திருடன், ரவுடி, லஞ்சம் வாங்குறவன், பதவிய வெச்சு ஆட்டம் போடுறவன் எல்லாக் காலத்துலயும் இருந்திருக்கான், இனியும் இருப்பான், அதுனால மட்டும் எந்தக் குடியரசும் அழிஞ்சதில்ல. தப்பு நடந்த மறுநாள் அந்த ஊரு என்ன செஞ்சுதுங்கிறதுலதான் எல்லாம் இருக்கு. கேஸ் போட்டாங்களா, கேள்வி கேட்டாங்களா, இல்ல நம்மாளுதான விடுங்கன்னு துண்ட உதறித் தோள்ல போட்டுட்டுப் போயிட்டாங்களா. ஒரு தடவ சும்மா விட்டா அது அடுத்தவனுக்கு வழி. அவன் இன்னும் ஒரு படி மேல போவான், அவனையும் விட்டா அப்புறம் அதுதான் வழக்கம்னு ஆயிரும், அதுக்கு மேல அத தப்புன்னு சொல்றவன்தான் கிறுக்கன் மாதிரி தெரிவான்.

ரோம் கதய கொஞ்சம் விலாவாரியாவே சொல்லணும், ஏன்னா இதுல ஒவ்வொரு படியும் அவ்வளவு தெளிவா தெரியும். ராஜா வேண்டாம்னு விரட்டிட்டு நானூறு வருசத்துக்கும் மேல குடியரசா இருந்த ஊரு. அங்க பொது நிலத்த ஒரு ஆளு 500 யூகேராவுக்கு மேல வெச்சுக்கக் கூடாதுன்னு பழைய சட்டம் ஒண்ணு இருந்துச்சு, நம்ம கணக்குல 300 ஏக்கர் சொச்சம். சட்டம் இருந்துச்சே தவிர பெரிய குடும்பத்துக்காரன் எவனும் மதிக்கல, பினாமி பேர்ல வளைச்சு வளைச்சுப் போட்டான், எவனையும் யாரும் ஒண்ணும் கேக்கல. படைக்குப் போயிட்டுத் திரும்பி வந்த சம்சாரி நிலமில்லாம தெருவுல நின்னான். கி.மு. 133-ல டைபீரியஸ் கிராக்கஸ்னு ஒருத்தர் ட்ரிப்யூனா, அதாவது சாதாரண சனங்க சார்பா தேர்ந்தெடுக்கிற பிரதிநிதியா வந்து, அந்தப் பழைய உச்சவரம்பத்தான் திரும்ப அமல்படுத்தணும்னு நின்னார். கூட இருந்த இன்னொரு ட்ரிப்யூன் ஆக்டேவியஸ் தடுத்தப்ப அவர ஓட்டுப் போட்டுப் பதவிய விட்டே தூக்கினார், அப்படி அதுக்கு முன்னாடி யாரும் செஞ்சது கிடையாது. டைபீரியஸோட நோக்கம் நல்ல நோக்கம், எனக்கு அவர ரொம்பப் பிடிக்கும், ஆனா இந்த வேல மொறைய மீறின வேலதான், பிடிச்ச ஆளுங்கிறதுக்காக அத மறைக்கக் கூடாது.

மறுபடியும் அவர் தேர்தல்ல நின்னப்ப செனட்டுல, அதாவது பெரிய குடும்பத்துக்காரங்க உக்கார்ற சபைல, ஒரே கூச்சல். அவர அடக்குங்கன்னு கான்சல், அதாவது அந்த வருசத்து ஆட்சித் தலைவர், ஸ்கேவோலாகிட்ட கேட்டாங்க. விசாரண இல்லாம எந்தக் குடிமகனையும் நான் கொல்ல மாட்டேன்னு அந்த மனுசன் மறுத்துட்டார். (இந்த ஸ்கேவோலா பேர பெருசா யாரும் ஞாபகம் வெச்சிருக்கல, எனக்கு அந்தக் கதையிலயே பெரிய ஆளு அவருதான்.) உடனே நாசிகாங்கிற பெரிய மனுசன், தலைமைப் பூசாரி வேற, குடியரசக் காப்பாத்த நினைக்கிறவங்கெல்லாம் என் பின்னாடி வாங்கன்னு கிளம்பினார். பெஞ்சுகள ஒடச்சு கால உருவி எடுத்து, கட்டையால அடிச்சே டைபீரியஸையும் கூட இருந்த 300 பேரு வரைக்கும் கொன்னு பொணத்தயெல்லாம் டைபர் ஆத்துல தூக்கிப் போட்டாங்க. ட்ரிப்யூன் மேல கை வைக்கிறது அந்த ஊர்ல தெய்வ குத்தம். அப்படிப்பட்ட ஊர்ல மறுநாள் கொன்னவங்க மேல ஒரு கேசும் இல்ல, செத்தவரோட ஆட்களத்தான் தேடிப் பிடிச்சு விசாரிச்சு தண்டிச்சாங்க. சனங்க நாசிகாவ பாக்குற இடத்துலயெல்லாம் கொலகாரான்னு ஏசுனதால அரசாங்க வேலைன்னு சொல்லி அவர ஆசியாவுக்கு அனுப்பி வெச்சாங்க. இங்க பெரிய புகார் வந்தா ஒரு அதிகாரிய வேற ஊருக்கு டிரான்ஸ்பர் போட்டு முடிச்சுக்கிறாங்கல்ல, அதேதான்.

பன்னெண்டு வருசம் கழிச்சு கி.மு. 121-ல டைபீரியஸோட தம்பி காயஸ். இந்த தடவ கான்சலே முன்ன நின்னு கொன்னார், குடியரசுக்குக் கேடு வராம பாத்துக்கோன்னு செனட்டே அவருக்குத் தீர்மானம் போட்டுக் குடுத்துச்சு, செத்தது 3000 பேருன்னு எழுதி வெச்சிருக்காங்க. அந்தக் கான்சல் ஒப்பிமியஸ் மேல அடுத்த வருசம் கேஸ் போட்டாங்க, செனட் சொல்லித்தான செஞ்சேன்னாரு, விடுதலை ஆயிட்டார். எனக்கு ரோம் குடியரசோட சாவு அந்த விடுதலைத் தீர்ப்புலதான் இருக்குன்னு படும். அதுக்கப்புறம் முப்பத்து ரெண்டு வருசத்துல, கி.மு. 88-ல, சுல்லாங்கிற தளபதி ரோம் படையவே ரோம் மேல கூட்டிட்டு வந்தார். கூட இருந்த அதிகாரிங்கள்ல ஒரே ஒருத்தர தவிர மத்த எல்லாரும் இதுக்கு நாங்க வரலன்னு விலகிட்டாங்க, ஆனா சிப்பாய்ங்க வந்தாங்க. பின்னாடி கொல்ல வேண்டியவங்க பேர லிஸ்ட்டா எழுதி நடு ஊர்ல ஒட்டி வெச்சு, கொன்னவனுக்குப் பணமும் குடுத்து, செத்தவன் சொத்த ஏலம் போட்டாங்க. இத்தனையும் ஒழுங்க நிலைநாட்டுறோம்னு சொல்லித்தான். கி.மு. 27-ல அகஸ்டஸ் வந்து குடியரச உங்ககிட்டயே திருப்பிக் குடுத்துட்டேன்னு சொன்னப்ப செனட்டும் இருந்துச்சு, கான்சலும் இருந்தாங்க, சாமான்லாம் இடத்துல இருந்துச்சு, உள்ள குடியிருந்தவன் மட்டும் செத்துப்போயிருந்தான்.

ஜெர்மனிய சுருக்கமா சொல்லிர்றேன். 1923 நவம்பர்ல ஹிட்லர் மியூனிக்ல அரசக் கவுக்கப் பாத்தான், அதுல போலீஸ்காரங்க நாலு பேரு செத்தாங்க. தேசத்துரோகம்னு கேஸ். கெடச்சது அஞ்சு வருசம், அதுலயும் 1924 டிசம்பர்லயே வெளிய வந்துட்டான். அவன் அப்ப ஜெர்மன் குடிமகன்கூட கிடையாது, ஆஸ்திரியாக்காரன், குடியரசப் பாதுகாக்கிறதுக்குன்னு போட்டிருந்த சட்டப்படி நாட்ட விட்டே வெளியேத்தியிருக்கணும். இவ்வளவு ஜெர்மன் உணர்வுள்ள ஆளுக்கு அது பொருந்தாதுன்னு கோர்ட்டே சொல்லிருச்சு. நம்மாளுதான, நல்ல நோக்கத்துலதான செஞ்சான். 1933 மார்ச் 23-ல அதே ஆளுக்கு சட்டம் போடுற மொத்த அதிகாரத்தயும் பார்லிமென்ட்டே 444 ஓட்டுல எழுதிக் குடுத்துச்சு, எதிர்த்தது 94 பேரு.

நம்ம நாட்டுக்கு வருவோம். 1975 ஜூன் 12-ல அலகாபாத் ஐகோர்ட்டு பிரதமர் இந்திரா காந்தியோட தேர்தல் செல்லாதுன்னு சொல்லிச்சு, 25 ராத்திரி எமர்ஜென்சி. அது எல்லாருக்கும் தெரிஞ்ச கத. எனக்கு அதவிட நெஞ்சுல தைக்கிறது ஆகஸ்ட் மாசம் நடந்தது. சுப்ரீம் கோர்ட்டுல அப்பீல் விசாரண 11-ம் தேதி. 7-ம் தேதி மக்களவைல அரசியல் சட்டத்துக்கு 39-வது திருத்தம், 8-ல மாநிலங்களவை, நடுவுல மாநிலங்களோட ஒப்புதல், 10-ல ஜனாதிபதி கையெழுத்து. பிரதமர் தேர்தல எந்தக் கோர்ட்டும் விசாரிக்க முடியாதுன்னு. எங்க கடைல ஒரு பட்டா பேரு மாத்துற மனுவுக்கு சனங்க மாசக்கணக்குல நடக்கிறாங்க, அரசியல் சட்டத்தயே நாலு நாள்ல மாத்தியிருக்காங்க. எல்லாமே நடைமுறைப்படி, ஓட்டெடுப்பு நடத்தி, கெஜட்ல போட்டு. சட்டத்தோட சட்டைய மாட்டிக்கிட்டே சட்டத்த மிதிக்கலாம்ங்கிறது அப்ப தெரிஞ்சுது.

1976 ஏப்ரல் 28 அதவிட மோசம். விசாரண இல்லாம உள்ள வெச்சவங்க ஆட்கொணர்வு மனு போடலாமான்னு கேள்வி. ஒன்பது ஐகோர்ட்டு போடலாம்னு சொல்லியிருந்துச்சு. சுப்ரீம் கோர்ட்டுல விசாரணையப்ப நீதிபதி ஹெச்.ஆர். கன்னா கேட்டார், ஒரு போலீஸ்காரர் சொந்தப் பகைல ஒரு ஆளக் கொன்னுட்டாக்கூட கோர்ட்டுக்கு வர முடியாதான்னு. எமர்ஜென்சி இருக்கிற வரைக்கும் முடியாதுங்கிற அர்த்தத்துல அரசோட அட்டர்னி ஜெனரல் பதில் சொன்னார். அஞ்சு நீதிபதில நாலு பேரு அதுக்குச் சரின்னுட்டாங்க. கன்னா ஒருத்தர்தான் மாட்டேன்னு எழுதினார். அதுக்கு வெல, 1977 ஜனவரில அவருக்குக் கீழ இருந்தவர தலைமை நீதிபதி ஆக்கினாங்க, இவர் ராஜினாமா பண்ணிட்டுப் போயிட்டார். ஆனா நம்ம மறுநாள் ரோம் மாதிரி போகல. 1977 மார்ச்ல சனங்க ஓட்டுப் போட்டு இறக்கினாங்க, 1978-ல 44-வது திருத்தம் வந்துச்சு, உயிர் வாழுற உரிமைய எமர்ஜென்சியிலயும் பறிக்க முடியாதுன்னு. அந்த நாலு பேர் தீர்ப்பு தப்புன்னு சுப்ரீம் கோர்ட்டே 2017-ல எழுதுச்சு. 41 வருசம் ஆச்சு, இருந்தாலும் எழுதுச்சு.

சத்தம் போட்டு நடக்கிறது கண்ணுல படும், சத்தமில்லாம நடக்கிறது படாது. பீகார்ல 1967-ல இருந்து 1981 வரைக்கும் 256 அவசரச் சட்டத்த, அதாவது சட்டசபை கூடாத நேரத்துல ஆளுநர் போடுற தற்காலிகச் சட்டத்த, சட்டசபைக்கே கொண்டு போகாம திரும்பத் திரும்பப் போட்டே ஓட்டியிருக்காங்க, சிலது பதினாலு வருசம் வரைக்கும் உசுரோட இருந்திருக்கு. சட்டசபை இருந்துச்சு, எம்.எல்.ஏ. இருந்தாங்க, ஒருத்தரும் கேக்கல. புனேல ஒரு பொருளாதாரப் பேராசிரியர், டி.சி. வாத்வான்னு பேரு, பழைய கெஜட்டையெல்லாம் உக்காந்து எண்ணிப் பாத்து கேஸ் போட்டார், 1986-ல சுப்ரீம் கோர்ட்டு இது அரசியல் சட்டத்த ஏமாத்துற வேலைன்னு சொல்லிச்சு. அந்த மாதிரி ஒரு ஆளு இல்லன்னா இன்னும் எத்தன வருசம் ஓடியிருக்குமோ.

இப்ப நம்ம தெருவுக்கு வாங்க. 2019 டிசம்பர் 6-ல ஹைதராபாத் பக்கத்துல பாலியல் கொலை கேஸ்ல பிடிச்ச நாலு பேர போலீஸ் சுட்டுக் கொன்னுச்சு. எங்க தெரு வாட்ஸ்அப் குரூப்புல அன்னைக்குப் பூரா கைதட்டல் படம், போலீசுக்கு மால போடுற படம். 'இப்படித்தாம்ல செய்யணும், கோர்ட்டுக்குப் போனா இருவது வருசம் பிரியாணி போடுவான்'னு படிச்ச மனுசங்க எழுதுனாங்க. அந்தப் பிள்ளைக்கு நடந்ததுக்கு எனக்கும் ரத்தம் கொதிச்சுது. ஆனா விசாரிக்காம சுட்டா அவங்கதான் செஞ்சாங்கன்னு எப்படித் தெரியும்னு நான் ஒரு வரி எழுதுனதுக்கு வந்த ஏச்ச இங்க எழுத முடியாது. பின்னாடி சுப்ரீம் கோர்ட்டு போட்ட விசாரணக் கமிசன் 2022-ல போலீஸ் சொன்ன கதய நம்ப முடியல, கொல்லணும்னேதான் சுட்டிருக்காங்கன்னு அறிக்க குடுத்துச்சு.

அந்தக் கைதட்டலுக்கு அப்புறம் ஆறே மாசம்தான், 2020 ஜூன் 19, சாத்தான்குளம். ஊரடங்கு நேரத்துல கடை திறந்திருந்ததுன்னு ஒரு செல்போன் கடைக்காரர், அவர் மகன், ரெண்டு பேரயும் ஸ்டேசனுக்குக் கூட்டிட்டுப் போயி ராத்திரி பூரா அடிச்சு, கோவில்பட்டி கிளைச் சிறைல அடைச்சு, 22, 23-ல ஒருத்தர் பின்னாடி ஒருத்தரா செத்துப்போனாங்க. அதே குரூப்புல அதே ஆளுங்க அழுதாங்க, கொதிச்சாங்க. அந்த அழுகை உண்மையான அழுகை, அதுல எனக்குச் சந்தேகமே இல்ல. ஆனா டிசம்பர்ல எந்தக் கைக்கு மால போட்டோமோ அதே அதிகாரந்தான் ஜூன்ல லத்திய எடுத்துச்சு. விசாரிக்காம தண்டிக்கலாம்னு ஒரு தடவ அனுமதி குடுத்துட்டா, அது யார் மேல பாயணும்னு நம்மகிட்ட கேட்டுட்டுப் பாயாது.

ஆனா சாத்தான்குளத்தோட மறுநாள் வேற மாதிரி போச்சு, அதான் எனக்கு இன்னைக்கும் தெம்பு. மதுரைக் கிளை ஐகோர்ட்டு தானாவே கேஸ எடுத்துச்சு. விசாரிக்கப் போன கோவில்பட்டி மாஜிஸ்ட்ரேட்ட ஸ்டேசன்லயே ஒருமைல பேசி அவமானப்படுத்தியிருக்காங்க, சிசிடிவி பதிவு அன்னன்னைக்கு அழியிற மாதிரி வெச்சிருந்திருக்காங்க, எல்லாத்தயும் அவர் அப்படியே எழுதி ஐகோர்ட்டுக்கு அனுப்பிட்டார். அந்த ஸ்டேசனையே வருவாய்த்துறை கையில குடுக்கச் சொல்லி உத்தரவு வந்துச்சு. எல்லாத்துக்கும் மேல, அங்க வேல பாத்த ஒரு பெண் தலைமைக் காவலர் நான் பாத்தத சொல்றேன்னு வாக்குமூலம் குடுத்தாங்க. வெளிய கூட வேல பாக்குறவங்க நிக்கிறாங்க, நாளைக்கும் அதே டிபார்ட்மென்ட்டுலதான் வேல, வீட்டுல பிள்ளைங்க இருக்கு. கன்னா சுப்ரீம் கோர்ட்டு நாற்காலில உக்காந்து செஞ்சத இவங்க ஒரு சின்ன ஊரு ஸ்டேசன்ல செஞ்சாங்க.

முறப்பநாடு வி.ஏ.ஓ. கொலையும் அப்படித்தான் என் மனசுல நிக்குது. தாமிரபரணில மணல் அள்ளக் கூடாதுன்னு 2010-லயே ஐகோர்ட்டுல தோழர் நல்லகண்ணு தானே நின்னு வாதாடி அஞ்சு வருசத்துக்குத் தடை வாங்குனார். அப்படி வாங்குன ஆத்தங்கரைலதான், 2023 ஏப்ரல் 25-ல, மணல் திருட்டப் பத்தி புகார் குடுத்த வி.ஏ.ஓ.வ பட்டப்பகல்ல அவர் ஆபீஸ்லயே புகுந்து அருவாளால வெட்டினாங்க. அந்தச் செப்டம்பர்லயே ரெண்டு பேருக்கு ஆயுள் தண்டன. அஞ்சு மாசத்துக்குள்ள! முடியும்னு நெனச்சா முடியும்ங்கிறதுக்கு இதவிட என்ன வேணும். ஆனா அடுத்த வருசம் டிசம்பர் 20-ல, எங்க கோர்ட்டு வாசல்லயே, கேசுக்கு வந்த ஒரு இளைஞர ஓட ஓட வெட்டிக் கொன்னாங்க, பழிக்குப் பழி. இப்ப கோர்ட்டு வளாகத்துல துப்பாக்கியோட போலீஸ் நிக்குது. கோர்ட்டு நியாயம் குடுக்கும்னு நம்பிக்க இருந்தா அந்தப் பயலுவளுக்கு அருவாள் தேவப்படுமா.

நம்பிக்க ஏன் போச்சுங்கிறதயும் சொல்லியாகணும். வாய்தா, வாய்தா, வாய்தா. ஜட்ஜு லீவு, சாட்சி வரல, கேஸ் கட்டு மேல்கோர்ட்டுக்குப் போயிருக்கு, வக்கீலுங்க புறக்கணிப்பு. வக்கீலுக்கு ஸ்ட்ரைக் பண்ற உரிம இல்லன்னு 2002-லயே சுப்ரீம் கோர்ட்டு சொன்னது எங்க கடைக்கு வர்ற எல்லா வக்கீலுக்கும் தெரியும், என்கிட்ட பிரியமா பழகுற மனுசங்கதான், இருந்தாலும் சொல்றேன், சட்டம் படிச்சவங்களே தீர்ப்ப மதிக்கலன்னா முழு நாள் கூலிய விட்டுட்டு வந்து மரத்தடில நிக்கிற கிழவி எதுக்கு மதிக்கணும்.

என் பெரியம்மாவோட கத இதுல வரும். புருசன் செத்தவ, தனியா இருக்கா, வீட்டுக்குப் பின்னால அஞ்சு சென்ட் இடம். பக்கத்து இடத்துக்காரன் சர்வே கல்லப் பிடுங்கிட்டு வேலிய உள்ள தள்ளிப் போட்டான், தடுக்கப் போனவள கீழ தள்ளுனதுல கை மணிக்கட்டு ஒடஞ்சுபோச்சு. ஸ்டேசனுக்குப் போனா 'இது சிவில் மேட்டரும்மா'ன்னு சொல்லி ஒரு சி.எஸ்.ஆர்., அதாவது புகார் வாங்கினோம்னு மட்டும் சொல்ற ரசீது, குடுத்து அனுப்பிட்டாங்க, மாவுக்கட்டோட நிக்கிறா, கை ஒடஞ்சது சிவில் மேட்டராம். ரெண்டு நாள்ல உள்ளூர்ல செல்வாக்கான ஒரு ஆளு தூது விட்டான், ஒரு தொகையக் குடுங்க, ஒரே ராத்திரில கல்ல பழைய இடத்துலயே நட்டுத் தாரேன்னு. எங்க அண்ணன், பெரியம்மா மகன், சரின்னுட்டான், கோர்ட்டு கோர்ட்டுன்னு அலைஞ்சா பேரன் காலத்துலதான் தீரும்னான். பெரியம்மா ஒத்துக்கல. 'ஏலே, இன்னைக்கு எனக்குக் கல்ல நட்டுத் தாரவன், நாளைக்கு எவன் ரூவா கூடக் குடுக்கானோ அவனுக்குப் பிடுங்கித் தருவாம்லா'ன்னா. அவ எழுதப் படிக்கத் தெரியாதவ.

பிடியாணை இல்லாம கைது பண்ணக்கூடிய குற்றம்னா எஃப்.ஐ.ஆர். போட்டே ஆகணும்னு 2013-ல லலிதா குமாரி கேஸ்ல அஞ்சு நீதிபதிங்க சொல்லிட்டாங்க, எலும்பு முறிவு அதுலதான் வரும். ஸ்டேசன்ல போடலன்னா எஸ்.பி.க்கு எழுத்துல அனுப்பலாம், அங்கயும் நடக்கலன்னா மாஜிஸ்ட்ரேட் கோர்ட்டுல மனு போடலாம், 2024 ஜூலைல இருந்து வந்திருக்கிற புதுச் சட்டத்துலயும் அந்த வழி இருக்கு. நான் டைப் அடிச்சேன், ஆஸ்பத்திரி சீட்டு, எக்ஸ்ரே, சி.எஸ்.ஆர். நகல் எல்லாம் வெச்சு எஸ்.பி.க்கு ஒப்புகை அட்டையோட பதிவுத் தபால்ல அனுப்புனோம். எஃப்.ஐ.ஆர். விழுந்துச்சு. கேஸ் நடக்குது, இன்னும் முடியல, வாய்தாவுக்கு வாய்தா காலைல மொத பஸ்ஸப் பிடிச்சு வந்துருவா, என் கடைல உக்காந்து டீ குடிச்சிட்டு டவாலி பேர் கூப்பிடுறதுக்கு முன்னாடியே போயி நின்னுக்குவா. கையில சி.எஸ்.ஆர். மட்டும் வெச்சுக்கிட்டு என்ன செய்யன்னு தெரியாம வர்றவங்களுக்கு அந்த எஸ்.பி. மனுவோட மாதிரி ஒண்ணு கம்ப்யூட்டர்ல எப்பவும் வெச்சிருக்கேன், பேரு, தேதி, நடந்தத மட்டும் மாத்தினாப் போதும், அதுக்கு நான் டைப்பிங் காசு வாங்குறதில்ல.